கண்ணாடிக்குள் இருந்த முகம்

ஜெசிந்தாவுக்கு ஒரு நாளில் ஒரே ஒருவர்தான் வணக்கம் வைப்பார். அதுவும் இரண்டே விரலில், பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குள்ளிருந்து.

சிங்கப்பெருமாள் கோயில் சிக்னலில் காலை ஆறேகாலுக்கு அது நடக்கும். கம்பெனி பஸ் இடதுபக்கம் திரும்புவதற்காக நிற்கும். சைக்கிளில் வரும் ஜெசிந்தா நேரே போக வேண்டும். லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் இட்லி ஊற்றுகிற வேலை. திரும்புகிற பெரிய வண்டியும் நேரே போகிற சைக்கிளும் உரசினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆறு வருஷத்துக்கு முன் இதே முக்கில் ஒரு டிப்பர் அவளுடைய பின்சக்கரத்தை அப்பளமாக நொறுக்கிவிட்டுத்தான் நின்றது. இறங்கி வந்த டிரைவர், "கண்ணாடில நீ தெரியவே இல்லம்மா" என்று நடுங்கினான். அன்றைக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரிந்தால் முன்னே போவது. தெரியாவிட்டால், எவன் ஹார்ன் அடித்து உயிரை வாங்கினாலும் வண்டிக்குப் பின்னாலேயே நிற்பது.

இந்த பஸ்ஸில் முகம் தெரியும். நரைத்த மீசை, கன்னத்தில் மச்சம். இரண்டு விரல் ஸ்டியரிங்கிலிருந்து எழும். இவள் ஒரு தரம் பெல் அடித்துவிட்டுப் போவாள். பேர்கூடத் தெரியாது.

கணவர் ஏசுதாஸ் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஜெனிட்டா ஞாயிறு தவறாமல் போன் செய்து, நாலு நிமிஷத்தில் வைத்துவிடுவாள். ஹாஸ்டல் பெண்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தட்டை நீட்டுவார்கள். சட்னி நன்றாயிருக்கிறது என்று சொல்லக்கூட வாய் திறக்காது. அதனால் அந்த இரண்டு விரலுக்காகவே தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்புவாள். சிரிக்காதீர்கள். ஒரு மனுஷன் தினம் நம்மைப் பார்க்கிறான் என்பது சின்ன விஷயமா என்ன!

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை கண்ணாடியில் வேறு முகம். அது போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அதே முகம்தான். ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது.

ஒரு மாதம் கழித்து, உளுந்தில் கல் தெரியவில்லை என்று செங்கல்பட்டில் இலவசக் கண் முகாமுக்குப் போனாள். பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர். அந்த மச்சம்! பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, நீங்க கம்பெனி பஸ் ஓட்டினவருதானே?"

"ஆமா, தாமோதரன். நீ யாரும்மா?"

"சிங்கப்பெருமாள் கோயில் சிக்னல்ல தெனம் சைக்கிள்ல நிப்பேனே. வெரலத் தூக்குவீங்களே!"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கோச்சுக்காதம்மா. ரெண்டு வருஷமா எனக்குக் கண்ணாடில ஒண்ணும் தெரியாது. ரோடு தெரியும், கண்ணாடிக்குள்ள ஒரே பொகை. சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவானுங்கன்னு வாய மூடிகினு இருந்தேன். போன மாசம் டெஸ்ட்ல மாட்டிகினேன்."

"அப்ப என்னப் பாத்து வெரலத் தூக்குனது?"

"பழக்கம்மா. அங்க ஒரு சைக்கிள் நிக்கும்னு மனசுல கீது. வெரலத் தூக்குவேன், பெல்லு கேக்கும், பத்து எண்ணிட்டுத் திருப்புவேன்."

ஜெசிந்தா கணக்குப் போட்டாள். இரண்டு வருஷம்! பார்க்கவே முடியாத ஒருவரை நம்பியா அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போனாள்?

"பாவி மனுஷா, என் உசுரோட வெளையாடிட்டியே!" என்று கத்திவிட்டாள். முகாமே திரும்பிப் பார்த்தது. அவர் தலை குனிந்துகொண்டார். அவள் விடவில்லை.

"தீவாளிக்கு முன்ன ஜொரத்துல நான் பத்து நாள் வரலியே. பெல்லே கேக்காம இன்னா பண்ணே?"

"பெல்லடிக்க மறந்துட்டியோன்னு பயம். அந்தப் பத்து நாளும் இருவது எண்ணினேன்."

திட்டுவதற்கு இன்னும் நிறைய இருந்தது. ஆனால் வரவில்லை. காய்ச்சலில் கிடந்த அந்தப் பத்து நாளில் ஒரு ஆள்கூட அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கவில்லை.

மறுநாள் சிக்னலில் புது டிரைவரின் முகம் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. ஜெசிந்தா நகரவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஓரமாகக் காலூன்றி நின்று ஒரு தரம் பெல் அடித்தாள். பஸ் அதுபாட்டுக்குத் திரும்பிப் போனது. வழி காலியாகிவிட்டது. பின்னாலிருந்து ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அவள் ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.