கல்பாலத்து அண்ணன் டுங்கியில் ஏறினார்

போன வாரம்தான் என் அண்ணன் மெயின்லேண்ட் திரும்பினார். போர்ட் பிளேயருக்கு வடக்கே, ரங்கத் என்னும் தீவு ஊரில் எங்கள் வீடு இப்போது கப்சிப்!

அண்ணன் சரித்திர வாத்தியார். வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு — எங்கள் பிறந்த ஊர் ஆற்றில் இருக்கும் கல்பாலம். நாயக்கர் காலத்தது. சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் அரைத்துக் கட்டினார்களாம். எத்தனையோ வெள்ளம் வந்தும் ஒரு கல் அசையவில்லையாம்.

பக்கத்து வீட்டு வங்காளி தீதி பணிவாகக் கேட்டார். "பிரிட்டிஷ் டைம் கா ஹை, யா ஜப்பான் டைம் கா?"

தீவில் பழசு என்றால் வெள்ளைக்காரன் கட்டியது, இல்லை யுத்தத்தில் ஜப்பான்காரன் பிடித்திருந்தபோது கட்டியது, இந்த இரண்டுதானே? அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

என் கணவருக்கு வேறு கவலை. "அத்தனை வருஷம் பாலம் நின்னா, காண்ட்ராக்டரெல்லாம் எப்படிப் பொழைக்கிறது மச்சான்?"

ஊருக்குக் கிளம்பும் நாளில் கொட்டியது பாருங்கள் மழை... போர்ட் பிளேயர் போகும் பஸ் பாதி வழியில் நின்றது. சுனாமிக்குப் பிறகு போட்ட இரும்புப் பாலம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மறுநாள் கப்பல். அதை விட்டால் அண்ணன் தன் மகளின் நிச்சயதார்த்தத்தில் இருக்க மாட்டார்.

"உதர் பஸ் கடா ஹை, டுங்கி மே ஜாவோ," என்றார் கண்டக்டர். அந்தப் பக்கம் வேறு பஸ் நிற்கிறதாம், டுங்கியில் போகணுமாம். மழைக்காலத்தில் எங்களுக்கு இது வழக்கம்தான். டுங்கி என்ற சின்னப் படகில் இக்கரைக்காரர்கள் அக்கரை பஸ்ஸுக்குப் போவோம், அவர்கள் இங்கே வருவார்கள்.

வழியனுப்பப் போன நான் முதலில் டுங்கியில் ஏறினேன். அண்ணன் கரையிலேயே நின்றார். "எனக்கு நீச்சல் தெரியாதும்மா. நான் வரலை."

"ராஜா பாலம் கட்டுறதுக்கு முன்னாடி, நம்ம ஊர் ஜனங்க எப்படிண்ணே ஆத்தைத் தாண்டுனாங்க?"

சரித்திர வாத்தியார் பொய் சொல்லலாமா? "பரிசல்ல..."

"அப்ப ஏறுங்க. இது நாயக்கருக்கும் முந்தின காலம்!"

முறைத்துக்கொண்டே ஏறினார். ஒரு அம்மாள் கேட்காமலேயே தன் கைக்குழந்தையை அவர் மடியில் போட்டாள். அவர் பெட்டியை வேறொருவர் தலையில் வைத்துக்கொண்டார். கரை சேர்வதற்குள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதுவரை விசாரித்துவிட்டார்கள்! ஓடிப்போய் ஜன்னல் சீட்டும் பிடித்துக் கொடுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"எப்படிண்ணே எங்க பாலம்?" என்றேன்.

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "நம்ம கல்பாலத்துல தினம் நடக்கிறேன். எதிர்ல வர்றவர் பேருகூடத் தெரியாது."

அசையாத பாலத்தில் ஒரே ஒரு குறை — யாரும் யார் கையையும் பிடிக்க வேண்டியதில்லை.