கரி பஸ்ஸைத் தள்ளின உடம்பு

பெட்ரோல் பஞ்சத்துல கரியை எரிச்சு ஓட்டுறாங்களே, அந்தக் கரி பஸ், இன்னைக்கு சேந்தமங்கலம் போறப்ப மேட்டுல மூச்சடைச்சு நின்னுபோச்சு.

கண்டக்டர் நேரா என்கிட்ட வந்தான். "அக்கா, உங்க கனத்துக்கு வண்டி இழுக்கலீங்க. எறங்குங்க." பஸ்ஸே சிரிச்சுது.

எதிர் சீட்டுல ஒரு பண்ணாடி, நாலு தோட்டத்துக்குச் சொந்தக்காரர். தொப்பை என்னைவிட ஒரு சுத்துப் பெருசு. அவரும் எந்திரிக்கப் பார்த்தாரு.

"நீங்க உக்காருங்க சாமி. ஆம்பளைக்குச் சதை இருந்தாத்தானுங்க லட்சணம்!"னு கண்டக்டர் அவரை உக்கார வெச்சான்.

எறங்கினேன். கடலைமூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு இது. சீலையை இழுத்துச் செருகிக்கிட்டு, எறங்கின நாலு ஆளுங்களோட நானும் தோள் கொடுத்தேன். பண்ணாடியையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு பஸ் மேடேறிருச்சு.

"ஏறுங்கக்கா"ன்னு கண்டக்டர் குழைஞ்சான்.

ஏறி, பண்ணாடிக்குப் பக்கத்துலயே தாராளமா உக்காந்தேன். "அடுத்த மேட்டுல உங்க லட்சணத்தை எறக்கி விடுங்க, பார்க்கலாம்"னு கண்டக்டர்கிட்ட சொன்னேன்.

அதுக்கப்புறம் பஸ்ஸுல யாருமே சிரிக்கல. ஏனுங்க, உங்க ஊர் பஸ்ஸுல எப்படிங்க?