பூவாத்தாளின் கணையம்

என் மனைவி பூவாத்தாள் குண்டு. இந்த ஒன்றை வைத்துக்கொண்டே இருபது வருடம் சொந்தபந்தத்தைச் சிரிக்க வைத்தவன் நான். கல்யாணத்தன்று என் இடுப்பு முப்பது, இன்றைக்கும் முப்பது. அந்தத் திமிர்.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குத் துணி செக்கிங் வேலை. துணியைக் கண்ணால் பார்த்து எடை சொல்லாதே, வட்டமாக வெட்டித் தராசில் வை என்று ஆட்களைத் திட்டுகிற இதே வாய்தான் ஒரு விருந்தில், "இவளுக்கு இலை பத்தாதுங்க, அண்டாவை நவுத்துங்க" என்றது. அன்றிலிருந்து விசேஷ வீடுகளில் அவள் பந்தியில் உட்காருவதில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விடுவாள். நல்ல உழைப்பாளி என்று எல்லோரும் மெச்சினார்கள். காரணம் எனக்குத் தெரியும்.

போன தை மாதம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில், கணையத்தில் சேரும் கொழுப்பை ஸ்கேன் எடுத்து அளக்கிற ஆராய்ச்சிக்குத் தம்பதிகளாக ஆள் கேட்டார்கள். டாக்டர் வாயால் அவள் நாலு வார்த்தை கேட்கட்டும் என்றுதான் கூட்டிப்போனேன். மூச்சை அடக்கச் சொல்லி, இருவரையும் தனித்தனியே எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்க வைத்தார்கள்.

"நீங்களே கேட்டுட்டு வாங்க, எனக்கு வெக்கமா இருக்குது" என்று, முடிவைச் சொல்லக் கூப்பிட்டபோது பூவாத்தாள் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவுக்கு மூணு சதவீதம்தான், பயமில்லை. உங்களுக்குப் பதினாலு" என்றார் டாக்டரம்மா. "ஒல்லியா இருக்கறவங்களுக்கும் உள்ளே சேரும் மகுடேஸ்வரன் சார். உங்க சுகருக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்." திரையில் என் கணையம் வெளுத்துக் கிடந்தது.

வெளியே வந்தேன். "ஏனுங்க, என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேருக்கும் இருக்குதாம். உனக்குத்தான் ஜாஸ்தி. வாயைக் கட்டு."

சொல்லும்போது நாக்கு கூசவில்லை. அன்று முதல் அவள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். எனக்கு மூன்று தோசை சுட்டுப் போட்டுவிட்டு, மோரைக் குடித்துப் படுத்துக்கொண்டாள். அந்தத் தோசை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். இறங்கியது.

மாசியில் மடத்துக்குளத்தில் ஒரு காதுகுத்து. நான் பந்தியில் உட்கார்ந்திருக்க, வழக்கம்போல அவள் வாளியோடு வந்தாள். யாரோ அவளையும் சாப்பிட உட்காரச் சொன்னார்கள். என் தம்பி தரணீதரன் அண்ணியைக் காட்டி முந்திக்கொண்டான்: "நங்கையாளுக்கு இலை பத்தாதுங்க, அண்டாவை நவுத்துங்க." என் பேச்சுத்தான், குரலைக்கூட என்னைப்போலவே வைத்துக்கொண்டான். பந்தியே சிரித்தது. நானும் சிரிப்பேன் என்று என்னைப் பார்த்தார்கள். பூவாத்தாளும் சிரிக்கப் பார்த்தாள். வாளியின் கனம் தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "சிரிக்காதீங்க" என்றேன். "கொழுப்பு எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணுமில்லை. ஆஸ்பத்திரில சொன்னதை நான் மாத்திச் சொல்லிப்போட்டேன்."

அவள் அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். வாளியை என் பக்கத்தில் வைத்தாள். எதிரே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே போட்டிருந்த இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பசிச்சுதுங்க" என்றாள். "இத்தனை வருசமும் பசிச்சுது."

எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் பரிமாறுவது? தம்பிதான் பரிமாறினான்.