அண்ணன் பயந்து இறங்கவில்லை

இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டவர்கள் ஓரமாக வைத்துவிடாமல் ஒருமுறை படியுங்கள். நான் அண்ணனின் ஒரே தங்கை. தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தேன். பிறகு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விட்டேன். அழகாக எழுத எனக்கு வராது. அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நடந்ததைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவள் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பதினாறாம் நாள் பந்தியில் ஒருவர் சொன்னார்.

"நல்ல மனுசன்தான். ஆனா பயந்தாங்கொள்ளி லா. தொரை பைக்க ஓட்டப் பயந்துக்கிட்டு வேலய விட்ட ஆளு."

"செத்தவர ஏன்யா பேசுற? வடையப் போடச் சொல்லு."

ஆறேழு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் என் கணவரும் இருந்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன்.

அண்ணன் பிறந்தது மலாக்காவில் சுங்கை ரம்பாய் பக்கம், ஜொகூர் எல்லையை ஒட்டிய ஒரு தோட்டத்தில். அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனான். அவர் திரும்பவில்லை. அம்மா மரம் வெட்டி எங்கள் இருவரையும் வளர்த்தார். அண்ணன் சின்ன வயதிலேயே புல் வெட்டப் போனார்.

சண்டை முடிந்து ஒரு புதுத் துரை வந்தார். அவரிடம் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. ஆபீஸ் பக்கத்துக் கொட்டகையில் நிற்கும். எல்லைப் பக்கத்துக் காலைப் பனியில் அது லேசில் உயிர் பிடிக்காது. துரை உதைப்பார், நிற்பார், திட்டுவார். ஒருநாள் அண்ணன் போய் ஒரே உதையில் கிளப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து அதுதான் அவர் வேலை.

அவர் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பெட்ரோலைத் திறப்பார். கார்புரேட்டர் பொத்தானை அமுக்கி, விரலில் ஈரம் பட்டதும் விட்டுவிடுவார். கூட அமுக்கினால் பிளக் நனைந்துவிடும். மழை நாளில் பிளக்கைக் கழற்றி வந்து அம்மாவின் அடுப்போரம் வைப்பார். காய்ந்ததும் துணியில் சுற்றிக்கொண்டு ஓடுவார். கிளம்பிய பிறகும் முறுக்க மாட்டார். எஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். கை தாங்காத சூடு வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

பிறகு அவசரகாலம் வந்தது. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் அங்கங்கே துரைமார்களைச் சுட்டார்கள். எங்கள் துரை அண்ணனைக் கூப்பிட்டார். நின்ற இடத்தில் சூடாக்கினால் போதாது, தினமும் மேல் டிவிசன் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வா என்றார். பனியாக இருக்கிறது என்று தன் தொப்பியையும் காக்கிச் சட்டையையும் கொடுத்தார். எங்களுக்கு லயத்தின் முன்பக்கம் பெரிய வீடு கிடைத்தது. அம்மாவுக்கு லேசான வேலை கிடைத்தது.

எங்கள் சனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. துரை சட்டையை நம் பையன் போட்டிருக்கிறான் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையில் நின்றபடி எட்டிப் பார்ப்பார்கள். ஆயுத பூசைக்கு அந்தத் தொப்பியை மோட்டார் சைக்கிள் மேல் வைத்துச் சந்தனம் தடவினோம். அம்மா கற்பூரம் காட்டினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கன்னத்தைக் கழுவ வேண்டும் போல் இருக்கிறது.

கேட்டில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் நம்மவர். அண்ணனைத் தினமும் கேலி செய்வார்.

"வாங்க சின்னத் தொரை. சலாம் தொரை."

ஒருநாள் கேலி செய்யவில்லை. அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, நீ திரும்பி வர்ற சத்தம் கேட்ட பொறவுதான் தொரை காப்பியில கை வைக்கிறாரு. கவனிச்சியா?"

அண்ணன் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கவனித்தார். அப்படித்தான் இருந்தது. போகும்போது கோப்பையில் ஆவி பறக்கும். வரும்போது ஆடை கட்டியிருக்கும். அதன் பிறகுதான் துரை எடுத்துக் குடிப்பார்.

அன்று பிளக்கை அடுப்போரம் வைத்துக்கொண்டு அண்ணன் அம்மாவிடம் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இஞ்சின் சூடாக ஊரு சுத்த வேண்டியதில்லம்மா. காட்டுக்காரன் இருக்கானா இல்லையான்னு பாக்கத்தான் என்னய அனுப்புறாரு. தொப்பியப் பாத்தா யாருன்னு நெனச்சுச் சுடுவான்?"

"வாய மூடுடா. சொவத்துக்கும் காது இருக்கு. இந்த வீடு எதால வந்துச்சுன்னு நெனச்சுப் பாரு."

அம்மா அப்படித்தான் சொன்னார். நான் பிளக்கைத் திருப்பி வைத்தேன்.

மறுநாள் பெரட்டு நடக்கும்போது அண்ணன் கொட்டகை முன்னால் எஞ்சினைக் கிளப்பினார். தொப்பியும் சட்டையும் போட்டிருந்தார். ரொம்ப நேரம் நின்ற இடத்திலேயே ஓட விட்டார். துரை வராந்தாவில் எழுந்து நின்றார்.

"ஏன் போகல்லே?"

"சூடாயிருச்சு தொரை. தொட்டுப் பாருங்க."

"போ. ரவுண்டு போய்ட்டு வா."

அண்ணன் இறங்கினார். சட்டையைக் கழற்றி மடித்து சீட்டில் வைத்தார். அதன்மேல் தொப்பியை வைத்தார். பனியனோடு நின்றார்.

"இனிமே வழியில நிக்காது தொரை. நீங்க தாராளமாப் போலாம்."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. துரை அதைப் பார்த்தார். மேல் டிவிசன் சாலையைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் போலீஸ்காரர் வந்துதான் எஞ்சினை நிறுத்தினார். இதைப் பெரட்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அண்ணன் பயந்துவிட்டார் என்றார்கள்.

அண்ணனுக்குக் காட்டுக்காரர்களோடு தொடர்பு என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். பதினோரு நாள் அடைத்து வைத்திருந்தார்கள். ஊருக்கு, அதாவது இந்தியாவுக்கு, கப்பல் ஏற்றுவார்கள் என்று பேச்சு. அவர் திரும்பி வந்தபோது முன்பல் இரண்டு இல்லை. அம்மா லயத்தின் கடைசி வீட்டுக்கு மாற்றப்பட்டிருந்தார். யாரும் அண்ணனோடு பேசவில்லை. ஆனால் தொப்பியைப் போட ஐந்து பேர் போட்டி போட்டிருந்தார்கள். கிடைத்தது என் மாமன் மகனுக்கு. எனக்குப் பேசி வைத்திருந்தவர். பிறகு என் கணவர் ஆனவர்.

தோட்டத்தை விட்டுப் போகும் நாளில் அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அவன்கிட்ட வெவரத்தச் சொல்லிரு. நான் சொன்னா பொறாமைம்பான். நீ சொன்னாக் கேப்பான்."

தலையாட்டினேன். சொல்லவில்லை. சொன்னால் அவரும் இறங்கிவிடுவார், அவரையும் வெளியேற்றுவார்கள், கல்யாணம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அந்தத் தொப்பியில் அவர் பார்க்க நன்றாக இருந்தார்.

துரைக்கு இரும்புத் தகடு அடித்த கார் வரும் வரை அவர் தினமும் ஓட்டினார். யாரும் சுடவில்லை. அதனால் என் கணவர் வீரர் ஆனார், அண்ணன் பயந்தாங்கொள்ளி ஆனார். கல்யாண வீடுகளில் என் கணவர் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அண்ணன் அங்கேயே வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அண்ணன் மலாக்கா டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின் மோட்டார் சைக்கிள் கடையில் சேர்ந்தார். அங்கேயே முடி நரைத்தது. காலையில் கிளம்பாத வண்டி என்றால் அவரைத்தான் தேடுவார்கள். கிளப்பியதும் முறுக்குகிறவர்களைக் கண்டால் பிடிக்காது. "எண்ணெ மேல ஏற வேணாமா? அதுக்குள்ள என்னாய்யா அவசரம்?" என்பார். புக்கிட் ரம்பாயில் வீடு வாங்கினார். மகனையும் மகளையும் படிக்க வைத்தார். அண்ணியார் முன்னால் போய்விட்டார். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவரும் அவர்தான். ஒருவரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியில் மூச்சு முட்டலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் கேட்டேன்.

"ஏன்ணே, ஒரு தடவ கூட எதுத்துப் பேசல? சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஒம் புருசன் மொதல்ல என்னா கேப்பான்? ஒனக்குத் தெரியுமான்னு ஒன்னயத்தானே கேப்பான்."

மூன்றாம் நாள் போய்விட்டார்.

என் கணவர் இந்த ஆடியில் காலமானார். கடைசிவரை அவருக்குத் தெரியாது.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதிகளுக்கும், கஞ்சி ஊட்டிய மருமகளுக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், காரியங்களுக்குத் தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தியில் அப்படிப் பேசியவரும் சுடுகாடு வரை வந்தார். அவருக்கும் நன்றி.

இதைப் படித்துவிட்டு என் பிள்ளைகள் என்னோடு பேசாமல் போகலாம். போகட்டும். அண்ணன் எனக்காக ஆயுள் முழுக்க அந்தப் பெயரைச் சுமந்தார். இனி அவரை அப்படிச் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டும் என்றால் என்னைச் சொல்லுங்கள். பயந்தவள் நான்.