வலப்பக்கம் இழுத்த வண்டி

“ஏம்மா, வண்டி ஓடாம போனா தள்ளிட்டு வந்துடலாம். நிக்காம போனா இன்னா பண்ணுவ?”

பல் டாக்டரின் மனைவி இதைக் கேட்டபோது, நான் அவர்கள் வீட்டு வாசலில் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். பதில் சொல்ல வசதியான இடமில்லை. “நிக்கும் மேடம்” என்றேன். அடியிலிருந்து போன அந்தக் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை.

டாக்டர் அருமையாக வைத்திருக்கும் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். உடம்பு முழுக்க ஃபைபர். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஊருக்குள் ஓட்டுகிறவரை அது போதும். ஆனால் கல்யாண நாளுக்கு மனைவியை அந்தக் காரில் ஜவ்வாது மலைக்கு அழைத்துப்போக அவர் ஆசைப்பட்டார். மலையிலிருந்து இறங்கும்போது டிரம் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். அதனால் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டுத் தரச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். டிப்ளமோ படித்து, சென்னைக்கு வெளியே ஒரு பிரேக் கம்பெனியின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, வேங்கிக்கால் ஓரத்தில் சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆனால் கம்பெனியில் நான் தவறு செய்தால் பிடிக்க எனக்கு மேலே பத்து பேர் இருந்தார்கள். ஷெட்டில் நான் மட்டும்தான்.

லேசான வண்டியை நிறுத்துவது சுலபம் என்று நினைப்பார்கள். நேராக நிறுத்துவதுதான் பாடு. பிரேக் போட்டதும் எடை முழுவதும் முன்னால் சாயும். ஏற்கெனவே எடையில்லாத பின்பக்கம் இன்னும் லேசாகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். பின்பக்கத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு வைத்தேன். தெருவுக்குத் தெரு ஓடும் ஒரு சின்னக் காரின் டிஸ்க்கைத்தான் முன்னால் போட்டேன். அதை உரசிப் பிடிக்கும் பேட் நம் ஊரிலேயே எந்தக் கடையிலும் கிடைக்கும். பிரேக்கைத் தாங்கிப் பிடிக்கும் தகடுகளை மட்டும் லேத் பட்டறையில் புதிதாக வெட்டி வாங்கினேன். கணக்கை மூன்று விதமாகப் போட்டேன். மூன்றும் ஒத்துப்போயின. அப்படியும் சாப்பிடும்போது என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது.

“இன்னாடி, மெஷின் தைக்கிறியா?” என்றாள் அம்மா.

ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமி அன்று வண்டியை ஒப்படைப்பதாகப் பேச்சு. பூஜையன்று காலையில் ஷெட்டைக் கழுவ அடி அண்ணாமலை வீட்டிலிருந்து அம்மா வந்தாள். வலது முன்சக்கரத்தை மாட்டியிருந்தேன், இடது பக்கம் திறந்து கிடந்தது. பொரியும் பூசணிக்காயும் எலுமிச்சையும் வாங்க டவுனுக்குப் போய், கூட்டத்தில் சிக்கித் திரும்பி வந்தால், இடது சக்கரம் ஏறியிருந்தது.

“நாலு நட்டுதானே, நானே மாட்டிட்டேன். டிராக்டர் சக்கரமே மாட்டுறவ நானு. இது இன்னா, பிள்ளைங்க வெளாடுற சக்கரம் மாதிரி” என்றாள். நட்டுகளை நான் ஒருமுறை முறுக்கிச் சரிபார்த்தேன். சரியாகவே இருந்தன.

மதியம், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் புது மனைப்பிரிவுக்கு வண்டியை எடுத்துப் போனேன். அகலமான சாலைகள், வீடுகள் இன்னும் வரவில்லை, விடுமுறை நாள். மெதுவாகப் போய் மிதித்தேன். நின்றது. கொஞ்சம் வேகமாகப் போய் மிதித்தேன். ஸ்டீயரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டது போல வண்டி வலப்பக்கம் பாய்ந்து, ஒரு மனைக்கல்லை ஒட்டி நின்றது.

 எங்கிருந்தோ எண்ணெய் காயும் வாசனை வந்தது. பூஜை நாளாயிற்றே, பக்கத்தில் யாரோ வடை சுடுகிறார்கள் என்று நினைத்தேன். மறுபடி ஓட்டினேன், மறுபடி வலப்பக்கம். மலைச்சாலையில் வலப்பக்கம் என்றால் எதிரே வரும் பஸ். டாக்டர் மனைவியின் கேள்வி காதிலேயே நின்றது. தகடு கோணலாக வெட்டுப்பட்டதா? இடது குழாயில் காற்று நிற்கிறதா? கணக்கே தப்பா?

ஷெட்டுக்குத் திரும்பி, குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. தகட்டை அளந்தேன், சரி. கடைசியில் இடது சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கின் நட்டநடுவே, சக்கரம் மறைத்திருந்த இடத்தில், வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். டிஸ்க்கைத் தொட்டேன். விரல் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனேன், நல்லெண்ணெய்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எல்லாவற்றையும் கழுவி, எண்ணெய் தடவித் துடைத்து, பொட்டு வைத்துத்தான் படைப்போம். பெயின்ட் இல்லாமல் பளபளவென்று இருந்த புது இரும்பை அம்மா மட்டும் விட்டுவிடுவாளா?

“துரு ஏறிடப் போவுதுன்னு லேசா தடவுனேன்” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், தடவக் கூடாதா?” என்று கேட்டாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

“இது உரசித்தாம்மா பிடிக்கணும். எண்ணெய் இருந்தா வழுக்கும்.”

“நான் இன்னாத்த கண்டேன்” என்று சொல்லி, முந்தானையால் டிஸ்க்கைத் துடைக்க வந்தாள். நான்தான் தடுத்தேன்.

என் கணக்கு தப்பில்லை என்று தெரிந்தும் பயம் போகவில்லை. டிஸ்க்கைக் கழுவிவிடலாம். பேட் எண்ணெயைக் குடித்திருந்தது. எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றுதானே அதைத் தேர்ந்தெடுத்தேன்? எல்லாக் கடையும் வாழைக்கன்று கட்டி, ஷட்டரை இறக்கியிருந்தது.

மாலை பூஜைக்கு டாக்டரும் மனைவியும் வந்தார்கள். கற்பூரம் காட்டுவதற்கு முன்பே, நாளை வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

“மேலாப்ல சாண்ட் பேப்பர் போட்டா போதாதா?” என்றார் டாக்டர்.

“ஊருக்குள்ள பிடிக்கும் சார். மலையில சூடேறுனா, உள்ள ஊறுன எண்ணெய் வெளிய வரும். அப்போ ஒரு பக்கமா இழுக்கும்.”

“எண்ணெய் எப்படி வந்துச்சு?” என்று அவர் மனைவி கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், “நான்தாம்மா தடவுனேன். படைக்கிற இரும்பாச்சேன்னு” என்றாள் அம்மா.

டாக்டரின் மனைவி கணவரைக் கைகாட்டினார். “எங்க வூட்ல இவரு, பல்லு புடுங்குற இடுக்கிக்கே பொட்டு வெச்சிட்டுத்தான் வந்திருக்காரு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ மொதல்ல அந்த மலையில இருந்து ஒருதரம் எறங்கி வந்துட்டு சொல்லு. அப்பறம் நான் ஏறுறேன்.”

கடை திறந்ததும் இரண்டு பக்கத்துக்கும் புது பேட் வாங்கிப் போட்டேன். மனைப்பிரிவில் வண்டி கோடு போட்டதுபோல நேராக நின்றது. வேகத்தைக் கூட்டினேன், அப்போதும் நேராக. ஆனால் அங்கே இறக்கம் இல்லை. பக்கத்து சீட்டில் ஆளும் இல்லை.

“அந்தம்மா எடைதான் நானும் இருப்பேன்” என்றாள் அம்மா.

“வேணாம்மா.”

“எண்ணெய் தடவுனது நானு. நான் உக்காராம வேற யாரு உக்காருவா?”

போளூர் தாண்டி மலை ஏறும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். கூரை இல்லாததால் பாதி காற்றோடு போயிற்று. மேலே ஒரு டீக்கடை முன்னால் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். கீழே சாலை முதல் வளைவில் மறைந்தது. அம்மா பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 

 வலது காலைப் பிரேக்கின் மேல் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். இரண்டாவது கியரைப் போட்டு, காலை எடுத்து, வண்டியை இறக்கத்தில் விட்டேன்.