கிணற்றுக்குள் முனிசிபாலிட்டி மீன்

"ஆனித் திருமஞ்சனத்துக்கு அடுத்த செவ்வாய். காலையில் தூறல். கிணற்றில் கொசுப்புழு என்று நோட்டீஸ். ஒரு மாதம் அவகாசம்."

கடந்த ஆண்டு நாட்குறிப்பில் நான் எழுதி வைத்தது இவ்வளவுதான். மாட்டுங்காவில் நாங்கள் இருக்கும் மூன்று மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு உண்டு. முதல் மாடியில் ஒருவருக்கு மலேரியா வந்தது. அதையொட்டி மாநகராட்சி ஆய்வாளர் வந்து கிணற்றுத் தண்ணீரை மொண்டு பார்த்தார். புழு இருந்தது. அடுத்த தடவை வரும்போதும் இருந்தால் கிணற்றைக் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட வேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

இந்த நகரத்தில் மலேரியாவுக்குப் பயந்து கிணறுகளை மூடியது புதிய கதை அல்ல. நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி என்று படித்திருக்கிறேன். வேறு ஊர்களில் மலேரியாக் கொசு வயலையும் ஓடையையும் தேடிப் போகும். வயலே இல்லாத இந்த ஊரில் குடியேறிய கொசு, கிணறும் மொட்டைமாடித் தொட்டியும் போதும் என்று இருந்துவிட்டது. நம்மைப் போலத்தான், கிடைத்த இடத்தில் குடித்தனம்.

எங்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிணறு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மூன்றாம் மாடி மாமிக்கு அப்படி இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செல்போனிலேயே எல்லாக் கணக்கையும் முடிப்பார். ஆனால் காலையில் குளித்த ஈரத்தோடு தன் கையால் இறைத்த தண்ணீரில்தான் சுவாமிக்கு நைவேத்தியம் சமைப்பார். குழாய்த் தண்ணீர் அவருடைய மடிக்கு ஒத்துவராது. கிணறு போனால் அந்தச் சமையலும் போகும்.

படிக்கட்டடியில் கூட்டம் போட்டோம்.

"மூடிடலாம் மாமி. அந்த எடத்துல ரெண்டு கார் நிக்கும்" என்றார் கட்டடத்தின் செயலாளர்.

"உங்காத்துல இருக்கறது ஒரு கார்தானே, செக்ரட்டரி மாமா? இன்னொண்ணுல யாரு, கொசுவா போகப்போறது?"

நான் ஒரு யோசனை சொன்னேன். கொசுப்புழு தின்னும் சின்ன மீன்களை மாநகராட்சியிலேயே தருகிறார்கள். கிணற்றில் விட்டால் மூட வேண்டியிருக்காது. மாமியை நினைத்துத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே புழுவாகிவிட்டேன்.

"மீன் நீந்தற ஜலத்துல நைவேத்தியமா? நன்னாருக்கே!"

"ஏன் மாமி, கங்கையில மீன் இல்லையா? காசியிலேர்ந்து சொம்பு சொம்பா கொண்டுவந்தேளே" என்றார் செயலாளர்.

"அது கங்கை மீன். இது முனிசிபாலிட்டி மீன்."

ஆனாலும் கிணறு பிழைக்க வேறு வழி இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆடி முதல் வெள்ளியன்று மீனை விட்டோம். அதற்கு முன் இரண்டு நாட்கள் மாமி வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து மாடிக்குக் கொண்டுபோனார். ஆடி பிறந்துவிட்டது, வீட்டைக் கழுவுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வாளர் மறுபடி வந்தது ஆடிப்பெருக்குக்கு மறுநாள். கிணற்றில் பல இடங்களில் மொண்டு பார்த்தார். ஒரு புழு இல்லை. மாமிக்கு முகம் மலர்ந்தது. ஆய்வாளர் வழக்கப்படி வீடுகளையும் பார்க்க மேலே ஏறினார். மாமியின் முகம் சட்டென்று மாறியதை நான் கவனித்தேன்.

நாங்களும் பின்னாலேயே போனோம். மாமி வீட்டுப் பின்கட்டுப் பால்கனியில் மூன்று நீல டிரம்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஈர வேட்டி கட்டியிருந்தது. சொம்பு போக ஓரத்தில் ஓர் இடைவெளி.

"ஆன்ட்டி, யே க்யா ஹை?" என்றார் ஆய்வாளர்.

மாமி வங்கி ஹிந்தியில் மிடுக்காக, "கங்காஜல் ஜைசா ஹை" என்றார், கங்கை ஜலம் மாதிரி என்று. மீன் விடுவதற்கு முன் இறைத்து, வடிகட்டிச் சேமித்த, மாமியின் கணக்கில் சுத்தமான தண்ணீர் அது. அதை வைத்துத்தான் இத்தனை நாளும் நைவேத்தியம் நடந்திருக்கிறது.

ஆய்வாளர் டார்ச் அடித்தார். "கங்காஜலுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஆன்ட்டி" என்று ஹிந்தியில் சொன்னார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். புழுக்கள் துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருந்தன.

செயலாளர் விடவில்லை. "கெணத்து ஜலம், அதுல புழு. அப்போ கெணத்தை மூட வேண்டியதுதானே?"

மாமி வேட்டியின் நுனியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

ஆய்வாளர் இல்லை என்று தலையை ஆட்டினார். கிணற்றில் முன்பு இருந்தது தண்ணீரின் மேல் படுத்துக் கிடக்கும் மலேரியாப் புழு. இது தலைகீழாகத் தொங்குகிறது, டெங்குக் கொசுவினுடையது, கிணற்றிலிருந்து வந்ததில்லை, துணியின் ஓரத்து இடைவெளி வழியாக வெளியிலிருந்து கொசு வந்து முட்டை இட்டிருக்கிறது என்றார். அதே தண்ணீர்தான். கிணற்றில் கிடந்தபோது ஒரு கொசுவுக்குப் பிடித்திருந்தது. பால்கனிக்கு ஏறியதும் இன்னொன்றுக்குப் பிடித்துவிட்டது. நோட்டீஸ் கிணற்றுக்குத்தான். அதை அவர் ரத்து செய்து கையெழுத்திட்டார். டிரம்களை மட்டும் தன் கண் முன்னாலேயே கவிழ்க்கச் சொன்னார்.

மாமி வேறு யாரையும் தொட விடவில்லை. தானே கவிழ்த்தார். டிரம்மின் உள்சுவரில் முட்டை ஒட்டியிருக்கும் என்று ஆய்வாளர் சொன்னதும், தேங்காய் நாரால் உள்ளே குனிந்து தேய்த்தார். "மீன் தேவலை" என்று டிரம்முக்குள்ளிருந்து குரல் வந்தது. செயலாளர்கூடச் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் பார்த்தேன். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டிக்கொண்டிருந்தார். துணியில் ஒரு மீன் குஞ்சு துள்ளியது. அதை உள்ளங்கையில் எடுத்துத் திரும்பக் கிணற்றில் விட்டார்.

"போடா, போய் வேலையைப் பாரு."

ஒன்றைக் குறித்தாக வேண்டும். மீன் விட்ட அதே வாரம் பெருமழை பெய்து, கிணற்று நீர் விளிம்பு வரை ஏறி மறுபடி வடிந்தது. அப்படி ஏறி இறங்கும் நீரே புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும் என்றும் படித்திருக்கிறேன். எங்கள் கிணற்றைச் சுத்தம் செய்தது மீனா, மழையா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை. மாமியிடம் இதைச் சொல்லவும் இல்லை.