மகளுக்குக் கல்லூரி கேட்டுப் போனது

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு மருதமுனையில் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. கல்முனையிலிருந்து வாடகைக்குப் பிடித்த பழைய ஒஸ்டின். மட்டக்களப்புக்குப் போய்வர இருபத்தைந்து ரூபாய் என்று பேசியிருந்தேன். பஸ்கள் இன்னும் தனியார் கம்பெனிகளின் கையில் இருந்த காலம் அது. ஆளுக்கு ஒரு ரூபாயோடு கொஞ்சம் சில்லறை கொடுத்தால் பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். ஆனால் போகிற காரியம் பஸ்ஸில் போகிற காரியமா? என் மகள் சுபைதா எஸ்.எஸ்.சி. சோதனையில் தேறியிருந்தாள், அதுவும் விஞ்ஞானத்தில் திறமைச் சித்தியோடு. மேலே படிக்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் தெருவில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அப்படி நின்றதில்லை. மட்டக்களப்பில் பெண்களுக்கு விடுதியோடு இரண்டு கல்லூரிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எது நல்லது என்று பார்த்து இடம் கேட்க வேண்டும். விண்ணப்பத்துக்கு அடுத்த செவ்வாய்தான் கடைசி நாள். தவறினால் ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு வருடத்துக்குள் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிடுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

காரில் மூன்று பேர் ஏறினோம். நான், என் மனைவியின் தம்பி காசிம், எங்கள் குடியின் மரைக்காயர். பள்ளிவாசலில் எங்கள் குடிக்காகப் பேசுகிறவர் மரைக்காயர்தான். அவரில்லாமல் எங்களில் ஒரு நல்ல காரியமும் நடக்காது. வெற்றிலை அடுக்கிய வட்டா, ஒரு கதலி வாழைக் குலை, எருமைத் தயிர்ச் சட்டிகள், என் தறியில் நெய்த பட்டுக்கரைச் சாறன் ஒன்று, எல்லாம் பின்னால் ஏறின. சாரதி நல்லதம்பி அதையும் பார்த்தார், மரைக்காயரின் தொப்பியையும் பார்த்தார்.

"என்ன முதலாளி, மாப்பிள்ள கேட்டா போறீங்க?"

"இல்ல தம்பி, கல்லூரி கேட்டுப் போறம்" என்றேன் பெருமையாக.

மருதமுனையிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய இருபத்திரண்டு மைல். பெரியநீலாவணை தாண்டியதும் வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வாவி. கல்லாற்றுப் பக்கம் தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. களுவாஞ்சிக்குடியில் இறங்கிப் பிளேன்டீ குடித்தோம். காத்தான்குடியில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. தறிச் சத்தம் கேட்டதும் காசிம் காதைக் கொடுத்து, "மச்சான், இவங்கட தறி நம்மட தறியளவுக்கு இல்ல" என்றான். சத்தத்திலேயே துணியின் தரத்தைக் கண்டுபிடிக்கிற ஆள்! கல்லடிப் பாலத்தின் இரும்பு கடகடத்ததும் மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

முதலாவது கல்லூரி வாவியோரம் இருந்தது. மாடிக் கட்டடம், பெரிய இரும்புக் கேற், உள்ளே யாரோ பியானோ வாசிக்கும் சத்தம். அலுவலகத்தில் இருந்த ஐயா எழுந்து வந்து எங்களை வரவேற்றார். தேநீர் வந்தது. எனக்கு எத்தனை தறி, மரைக்காயருக்கு எவ்வளவு வயல் என்று அன்பாக விசாரித்தார். விடுதியில் முஸ்லிம் பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு உண்டு என்றார். சாறனை விரித்துப் பார்த்து, "அருமையான வேலை" என்றார். மரைக்காயர் என் தொடையைத் தட்டினார். நல்ல குடும்பம், பேசி முடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

வந்ததுதான் வந்தோம், மற்றதையும் பார்த்துவிடுவோம் என்று பத்தரை மணிக்கு இரண்டாவது கல்லூரிக்குப் போனோம். ஓட்டுக் கூரை, நீளமான இரண்டு கட்டடம், முற்றத்தில் மணல். தலைமை ஆசிரியை கண்ணாடி போட்ட ஓர் அம்மா. எல்லோரும் பெரிய ரீச்சர் என்று கூப்பிட்டார்கள். வட்டாவையும் தயிர்ச் சட்டிகளையும் மேசையில் வைத்தோம். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"பிள்ளை எங்க?"

"வீட்ட" என்றேன்.

"ஏன், சுகமில்லையா?"

"சுகமாத்தான் இரிக்கா."

"அப்ப ஏன் வரயில்ல?"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை அந்தக் கேள்வி எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் கரையில் மாப்பிள்ளை கேட்டுப் போவது பெண் வீட்டார்தான். மரைக்காயர் போவார், தாய்மாமன் போவான், வாப்பா போவார், தயிரும் பழமும் போகும். பெண் மட்டும் போகமாட்டாள். நல்ல காரியம் கேட்டுப் போவதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். அந்த முறை பிசகாமல் கல்லூரிக்கும் வந்து நிற்கிறோம்!

மரைக்காயர் தொண்டையைச் செருமினார். "பொம்புளப் புள்ளய இதுக்கெல்லாம் கூட்டி வாறல்ல, ரீச்சர். பெரியாக்கள் நாங்க கதைச்சு முடிச்சாச் சரிதானே."

"நீங்க மூண்டு பேரும் படிக்கப் போறீங்களெண்டா இப்பவே சேர்த்துக்கொள்ளுறன்" என்றார் பெரிய ரீச்சர். "அந்தப் பிள்ளைதான் படிக்கப் போகுதெண்டா, எனக்கு அந்தப் பிள்ளையோட கதைக்கோணும். செவ்வாய்க்குள்ள கூட்டி வாங்க. தயிரையும் கொண்டு போங்க, வெயிலுக்குப் புளிச்சுப் போகும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. சட்டிகளைத் தூக்கிக்கொண்டு நல்லதம்பியின் முன்னால் வந்து நின்றபோது மானம் கப்பலேறியது. வழி நெடுக ஏசிக்கொண்டே வந்தேன். முதல் இடந்தான், அதில் மாற்றமில்லை என்று ஆரையம்பதியில் ஒரு தரமும் செட்டிபாளையத்தில் ஒரு தரமும் சொன்னேன். காசிம் கதலிப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் என் மனைவி ஆமினா முழுக் கதையையும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"முதல் இடத்தில அவளப் பத்தி என்ன கேட்டாங்க?"

யோசித்துப் பார்த்தேன். தறியைக் கேட்டார்கள், வயலைக் கேட்டார்கள். அவள் பெயரைக்கூட நான்தான் சொன்னேன்.

"அப்ப ரெண்டு இடத்தையும் அவளே வந்து பாக்கட்டும். நானும் வாறன்" என்றாள் ஆமினா. அந்தப் பெண் ஒரு காரியத்தில் முடிவெடுத்தால் எதிர்த்துப் பேசி வென்றவர் எங்கள் வீட்டில் இல்லை. அல்லாஹ் அவளுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ். இந்த முறை வட்டா இல்லை, தயிர் இல்லை; சுபைதாவின் சித்திப் பத்திரம் மட்டும் என் சட்டைப்பையில். பஸ்ஸில் நெருக்கம். களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போகிற ஒரு தமிழ்ப் பெண் தன் கத்தரிக்காய்க் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மகளுக்கு இடம் விட்டார்.

"எங்க கா போறீங்க?" என்று ஆமினாவைக் கேட்டார்.

"புள்ளைக்குக் கல்லூரி பாக்க."

"நல்லாப் படி புள்ள" என்று சுபைதாவின் தலையைத் தடவினார். அவர் இறங்கும்வரை கூடை அவர் மடியில்தான் இருந்தது. பெயர் கேட்காமல் விட்டுவிட்டோம்.

இரண்டாவது கல்லூரிக்குத்தான் முதலில் போனோம். பெரிய ரீச்சர் என்னையும் ஆமினாவையும் சுவரோரக் கதிரைகளில் இருத்திவிட்டு, சுபைதாவைத் தன் மேசைக்கு முன்னால் இருத்தினார்.

"இஞ்ச வந்து படிக்க விருப்பமா, பிள்ளை?"

சுபைதா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சொல்லும் வரவில்லை. எனக்குச் சந்தோசம். நிக்காஹ்வின்போது பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். அவள் வாய் திறக்கமாட்டாள். அந்த மௌனமே சம்மதம்.

"அவ சம்மதிச்சிட்டா, ரீச்சர்" என்றேன்.

பெரிய ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இஞ்ச வாய் திறந்து சொன்னாத்தான் கணக்கு, முதலாளி. சொல்லு பிள்ளை, ஏன் விஞ்ஞானம் படிக்கோணும்?"

அவள் மெல்ல நிமிர்ந்தாள். "எங்கட வாப்பா நூலுக்குச் சாயம் போடக்குள்ள சில நாளைக்கு நல்லாப் பிடிக்கும். சில நாளைக்குத் தண்ணியில கழண்டு போகும். அதே சாயந்தான், அதே நூல்தான். ஏன் வாப்பா எண்டு கேட்டா, அல்லாட நாட்டம் எண்டு சொல்லுவார்." ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அல்லாட நாட்டந்தான், ரீச்சர். ஆனா அது எப்பிடி நடக்குது எண்டு எனக்குத் தெரிஞ்சுகொள்ளோணும்."

ஆமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருடம் என் சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று இந்தப் பிள்ளை இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. வியாழக்கிழமை அந்த அம்மா எங்களைத் திருப்பி அனுப்பியிருக்காவிட்டால் இன்றுவரை தெரிந்திருக்காது. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது.

பெரிய ரீச்சர் ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டினார். சின்ன அறைதான். போத்தல்கள், தராசு, ஒரு நுணுக்குக்காட்டி. விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர் அங்கேயே பிள்ளைகளோடு நின்றார். சுபைதா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மற்றக் கல்லூரியையும் ஒருக்காப் பாத்திட்டு வந்து சொல்லட்டா, ரீச்சர்?"

கேட்டுப் போன வீட்டிலேயே வேறு வீடும் பார்க்கப் போகிறோம் என்று சொல்லலாமா! நான் நெளிந்தேன். பெரிய ரீச்சரோ, "அதுதான் சரி. மூண்டு மணி வரைக்கும் இருப்பன்" என்றார்.

வாவியோரக் கல்லூரியில் அன்றும் நல்ல மரியாதை. அங்கு படிக்கிற ஒரு முஸ்லிம் பிள்ளையே வந்து விடுதியைச் சுற்றிக் காட்டினாள். சமையலறையைப் பார்த்த ஆமினாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விஞ்ஞான வகுப்பைப் பற்றிச் சுபைதா கேட்டபோது அலுவலக ஐயா மறைக்காமல் சொன்னார்: "அது ரெண்டு வருஷத்துக்குப் பிறகு தொடங்கத்தான் யோசனை, மகள். இப்போதைக்கு இல்லை." அந்த நேர்மைக்கு அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

வெளியே மர நிழலில் தாய்க்கும் மகளுக்கும் வாக்குவாதம்.

"சாப்பாட்ட யோசி, புள்ள. இஞ்ச நம்மட புள்ளையள் இரிக்கு. அங்க நீ தனிய."

"சாப்பாடு லீவுக்கு வீட்ட வந்தாலும் சாப்பிடலாம், உம்மா. விஞ்ஞானம் வீட்டில இல்லையே."

ஆமினா என்னைப் பார்த்தாள். நான் வாவியைப் பார்த்தேன்.

இரண்டரை மணிக்குத் திரும்பிப் போனோம். சுபைதா வாசலிலேயே நின்று, "நான் இஞ்சதான் படிக்கப் போறன், ரீச்சர்" என்றாள். அவள் அந்நியர் முன்னால் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. உடனே ஒரு பரீட்சைத் தாளைக் கொடுத்துத் தனியறையில் இருத்தினார்கள். ஆமினா தஸ்பீஹ் மணியை உருட்டி உருட்டி ஓதினாள்; நான் முற்றத்து மணலை நடந்து நடந்தே உழுதுவிட்டேன். தாளைத் திருத்திவிட்டு வந்த பெரிய ரீச்சர், "தையில கூட்டி வாங்க" என்றார். அல்ஹம்துலில்லாஹ்!

பிறகு ஆமினாவின் பக்கம் திரும்பினார். "சாப்பாட்டை யோசிக்கிறீங்க போல. புதுச் சட்டி ஒண்டு வாங்கி வைப்பன். அதில மீனும் மரக்கறியுந்தான் கொதிக்கும், வேற ஒண்டும் விழ விடமாட்டன். தொழுகைக்கு விடுதியில கிழக்கு அறை சும்மாதான் கிடக்கு." ஆமினா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். முன்பின் தெரியாத ஒருவரின் பிள்ளைக்காகச் சட்டி வாங்க நினைக்கிற மனது எத்தனை பேருக்கு வரும்?

தை பிறந்ததும் ஒரு காலைப்பொழுதில் டிரங்குப் பெட்டியோடும் பாயோடும் அதே பஸ்ஸில் போய் இறங்கினோம். பெட்டியை உள்ளே கொண்டுபோனார்கள். விடைபெற வேண்டிய நேரம் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது, எப்படி விடைபெறுவது என்று எனக்குத் தெரியாது. பிற ஊர்களில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது பழகிய வேலை. எங்கள் ஊரிலோ மகள் பிறந்த வீட்டை விட்டுப் போவதேயில்லை. வீடு அவளுக்குத்தான், கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருவான். நான்கூட அப்படி ஆமினாவின் வீட்டுக்கு வந்தவன்தான். மகன்மாரைத்தான் நாங்கள் அனுப்பி வைப்போம். அதற்குத்தான் எங்களிடம் வார்த்தை இருக்கிறது.

வாய்க்கு வந்த அந்த வார்த்தையையே சொன்னேன். "போற இடத்தில நம்மட குடிக்கு நல்ல பேர் எடுத்துத் தா."

சுபைதா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "வாப்பா, இது மாப்பிள்ளையாப் போற ஆக்களுக்குச் சொல்றதெல்லோ?"

"ஓம் மகள்" என்றேன். "மகள்மாருக்குச் சொல்ல நம்மளிட்ட ஒண்டும் இல்லையே. இதுக்கு முன்னால ஒருத்தியும் போகயில்ல."